நின்ற உதிரம் மீண்டும் வந்தால்...

தலைவலி வந்தால் அக்கம் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லுவோம். முட்டி வலித்தால் கோவிலில் பார்ப்பவர்களிடமெல்லாம் தைலம் கேட்போம். ஆனால், மாதவிடாய் நின்று மூன்று நான்கு வருடங்கள் ஆகிவிட்ட ஒரு தாய்க்குத் துணியில் ஒரு பொட்டு உதிரம் பட்டுவிட்டால், அதை அவள் யாரிடம் சொல்லுவாள்? கணவரிடம் சொல்லக் கூச்சம். மருமகளிடம் சொல்ல வெட்கம். மகளிடம் சொன்னால் பிள்ளை பயந்துவிடுமே என்ற எண்ணம். அது மாரியம்மன் திருவிழா நேரமாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். "இந்த வயதில் தீட்டா?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று துணியைத் தானே துவைத்துப் போட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவாள்.

அதற்குக் காரணங்களும் அவளிடம் தயாராக இருக்கும். "உடம்புச் சூடு." "வெயிலில் நின்று பழம் பொறுக்கினேன், அதனால்தான்." "பாரம் தூக்கிவிட்டேன்." "இனிப்பு நீருக்குக் கொடுத்த புது மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை." அடுத்த வாரம் உதிரம் தானாக நின்றுவிடும். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் தலைகாட்டும். இப்படியே ஒரு வருடம் ஓடிவிடும்.

அந்த ஒரு வருடம்தான் விலைமதிப்பில்லாத வருடம். அதை வீணாக்கக் கூடாது என்று சொல்லவே இந்தக் கட்டுரை. கோலசிலாங்கூர், ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் பகுதித் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடியேறிய குடும்பங்களிலும் உள்ள தாய்மார்களும், அவர்களைப் பெற்ற தாயாக மதிக்கும் பிள்ளைகளும் இதைச் சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

முதலிலேயே ஓர் ஆறுதல். மாதவிடாய் நின்றபின் உதிரம் படுவதெல்லாம் புற்றுநோய் அல்ல. பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகளை ஒன்று திரட்டி 2018-ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கின்படி, இப்படி உதிரம் கண்ட பெண்களில் நூற்றுக்குச் சுமார் 9 பேருக்குத்தான் கர்ப்பப்பைப் புற்றுநோய் இருந்தது. மற்ற 91 பேருக்கும் வேறு காரணங்கள். ஆனால் அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. மாதவிடாய் நின்றபின் கர்ப்பப்பைப் புற்றுநோய் கண்ட பெண்களில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் உதிரப்போக்கு இருந்தது. அதாவது, இந்த நோய் சொல்லாமல் கொள்ளாமல் வருவதல்ல. வாசலில் நின்று கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறது. தட்டும் ஓசையைக் கேட்டும் கேளாதவர்போல் இருப்பது நாம்தான்.

விதைப்பும் அறுப்பும்

கர்ப்பப்பை என்பது கவிழ்த்து வைத்த ஒரு கொய்யாப்பழத்தைப் போன்றது. வெளிச்சுவர் கெட்டியான தசை. உள்ளே ஒரு சிறு குழி. அந்தக் குழியைச் சுற்றிப் பட்டுத் துணி தைத்ததுபோல் ஒரு மெல்லிய சவ்வு படிந்திருக்கும். இதுவே கர்ப்பப்பையின் உட்சவ்வு. மாதந்தோறும் வளர்வதும், உதிர்ந்து வெளியே வருவதும் இந்தச் சவ்வுதான்.

தஞ்சோங் காராங்கிலிருந்து செகிஞ்சான் வரை பச்சைப் பாயாய் விரிந்து கிடக்கும் நெல் வயல்களைப் பார்க்காதவர் நம்மில் யார்? அறுவடை முடிந்த வயல் வெறுமையாகக் கிடக்கும். பிறகு நாற்று முளைத்து வளரும். கதிர் வந்து முற்றும். முற்றியபின் அறுப்பு. கர்ப்பப்பையிலும் இதுவே நடக்கிறது. மாதவிடாய் முடிந்த சமயத்தில் உட்சவ்வு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனமே இருக்கும். சூலகத்தில் ஊறும் ஈஸ்ட்ரோஜென் என்னும் சுரப்பு அதற்கு உரம் போட்டு வளர்க்கிறது. முட்டை வெளிப்பட்டபின் புரோஜெஸ்டெரோன் என்னும் இன்னொரு சுரப்பு வந்து, "வளர்ந்தது போதும், இனி முற்று" என்று கட்டளை இடுகிறது. கரு தங்காவிட்டால் இரண்டு சுரப்பும் இறங்கிவிடும். சவ்வு உதிர்ந்துவிடும். மறுபடி விதைப்பு.

இந்த இரண்டு சுரப்புகளும் சமமாக இருக்கும் வரை தொல்லையில்லை. உரம் போடுகிறவர் போட்டுக்கொண்டே இருக்க, முற்றச் சொல்கிறவர் வராமலே போய்விட்டால் என்ன ஆகும்? பயிர் கதிர் பிடிக்காமல் புதராக மண்டிவிடும். உட்சவ்வில் தோன்றும் பல கோளாறுகளுக்கு, புற்றுநோயில் பெரும்பகுதிக்கும்கூட, இதுவே அடிப்படை.

ஒரு துணுக்கு சவ்வின் பயணம்

உதிரப்போக்கு என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டர் முதலில் விவரம் கேட்பார். பிறகு வயிற்றையும் பிறப்பு வழியையும் சோதிப்பார். ஸ்கேன் எடுத்து உட்சவ்வின் கனத்தை அளப்பார்கள். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு அது 4 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு மிகவும் குறைவு. கனம் கூடியிருந்தாலும், உதிரம் திரும்பத் திரும்ப வந்தாலும், சவ்விலிருந்து ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

துணுக்கு எடுப்பது என்றதும் பலர் நடுங்கிப் போகிறார்கள். இன்று பெரும்பாலும் மெல்லிய உறிஞ்சு குழாய் போன்ற ஒரு பிளாஸ்டிக் குழாயை உள்ளே செலுத்திச் சிறிது சவ்வை இழுத்து எடுத்துவிடுகிறார்கள். மயக்க மருந்து தேவைப்படுவதில்லை. மாதவிடாய் வலியைப்போல் சில நிமிடங்கள் இழுத்துப் பிடிக்கும். அவ்வளவுதான். சிலருக்கு மட்டும் மயக்கம் கொடுத்துச் சுரண்டி எடுப்பதும், சிறு காமிராவை உள்ளே விட்டுப் பார்த்து எடுப்பதும் உண்டு.

எடுத்த துணுக்கு எங்கே போகிறது தெரியுமா? ரப்பர்ப் பாலில் அமிலம் கலந்து உறைய வைத்து, மெஷினில் கொடுத்து மெல்லிய ஷீட்டாக்குவதை நம் பெரியவர்கள் வாழ்நாளெல்லாம் பார்த்திருக்கிறார்கள். ஆய்வுக்கூடத்திலும் ஏறக்குறைய அப்படித்தான். முதலில் துணுக்கு கெட்டுப்போகாமல் ஃபார்மலின் என்னும் திரவத்தில் ஊற வைக்கிறார்கள். பிறகு மெழுகில் பதித்துக் கட்டியாக்கி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் மூன்று நான்கு பங்கு கனத்துக்கு மெல்லிய சீவல்களாகச் சீவுகிறார்கள். கண்ணாடித் துண்டில் ஒட்டிச் சாயம் ஏற்றுகிறார்கள். நீலச் சாயம் மத்திய அமெரிக்காவில் விளையும் ஒரு மரத்தின் கட்டையிலிருந்து கிடைத்தது. அது செல்லின் நடுக்கருவைப் பிடித்துக்கொள்ளும். இளஞ்சிவப்புச் சாயம் மற்ற இடங்களில் ஏறும். இந்தக் கண்ணாடித் துண்டை நோய்க்குறி நிபுணர் உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்து அறிக்கை எழுதுகிறார். அவர் நம்மைப் பார்ப்பதில்லை. நாமும் அவரைப் பார்ப்பதில்லை. ஆனால் நம் சிகிச்சையைத் தீர்மானிப்பது அவர் கண்ணில் படும் அந்தக் கோலம்தான்.

தென்னமரம் தோட்டமும் கர்ப்பப்பையும்

அவர் அப்படி என்ன பார்க்கிறார்? அதைப் புரிந்துகொள்ள நாம் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டாம். நம் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டத்துக்குப் போனால் போதும்.

பெஸ்தாரி ஜெயா முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று வழங்கியது. அங்கேதான் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. நம் தமிழ்ப் பெயரைத் தாங்கிய இந்தத் தோட்டத்தில்தான் 1917-ஆம் ஆண்டில் மலாயாவிலேயே முதன்முதலாகச் செம்பனை வாணிப முறையில் நடப்பட்டது. நட்டவர் ஹென்றி ஃபோக்கொன்னியே என்ற பிரெஞ்சுத் துரை. செம்பனையை எப்படி நடுவார்கள்? மரத்துக்கு மரம் சுமார் 30 அடி இடைவெளி விட்டு, முக்கோண வரிசையில், அளந்து நடுவார்கள். மரங்களுக்கு இடையே நிலம் தெரியும். காற்று போகும்.

உட்சவ்வும் அப்படித்தான். அதில் குழாய் வடிவமான நுண்ணிய சுரப்பிகள் மரங்களைப்போல் நிற்கின்றன. சுரப்பிகளுக்கு இடையே நிலத்தைப்போல் தாங்கு திசு இருக்கிறது. மரம் எப்படி இருக்கிறது, மரத்துக்கும் நிலத்துக்கும் இடைவெளி எவ்வளவு, ஒவ்வொரு மரத்தின் இலையும் தண்டும் ஒழுங்காக இருக்கின்றனவா? நிபுணர் பார்ப்பது இவற்றைத்தான். இதை வைத்துக்கொண்டு, அறிக்கைத் தாளில் வரும் சொற்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, இயல்பான சவ்வு. மாதவிடாய் வரும் வயதில் "புரொலிஃபெரேட்டிவ்" என்று எழுதியிருந்தால் வளரும் பருவம் என்று பொருள். "செக்ரிட்டரி" என்றால் முற்றும் பருவம். இவை நோயே அல்ல. சவ்வின் கோலத்தைப் பார்த்தே அது மாதத்தின் எந்த நாளைச் சேர்ந்தது என்று கணிக்கும் முறையை 1950-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவர்கள் மூவர் எழுதி வைத்துவிட்டார்கள்.

இரண்டாவது, "அட்ரோஃபி". மாதவிடாய் நின்றபின் உரம் குறைந்து சவ்வு மெலிந்து காய்ந்துபோவது. மரங்கள் குட்டையாகிச் சில இடங்களில் மட்டும் நிற்கும். மெலிந்த சவ்வு எளிதில் கீறிக்கொண்டு உதிரம் கசியும. வயதான தாய்மார்களின் உதிரப்போக்குக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆபத்தில்லை.

மூன்றாவது, "பாலிப்". ஓரிடத்தில் மட்டும் சவ்வு தடித்துக் காம்புள்ள சிறு காளானைப்போல் தொங்குவது. பெரும்பாலும் தீங்கற்றது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு உதிரம் தரும் பாலிப்பை மட்டும் அகற்றி, அதையும் சோதித்துப் பார்ப்பது வழக்கம்.

நான்காவது, "எண்டோமெட்ரைட்டிஸ்". சவ்வில் ஏற்படும் அழற்சி. கிருமியால் வருவது. சில பெண்களுக்குக் காசநோய்க் கிருமியே கர்ப்பப்பைக்குள் தங்கிப் பிள்ளைப்பேறு இல்லாமல் செய்துவிடுவதுண்டு. மருந்தால் குணமாக்கலாம்.

ஐந்தாவது, "ஹைபர்பிளாசியா". இதைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். நடுவே நடுவே கன்று வைத்து மரங்களை நெருக்கிவிட்ட தோட்டம் இது. சுரப்பிகள் பெருகி, இடைவெளி குறைந்து, சவ்வு தடித்துவிடுகிறது. இதில் இரண்டு வகை. மரங்கள் நெருங்கி நின்றாலும் ஒவ்வொரு மரமும் ஒழுங்கான மரமாகவே இருப்பது ஒரு வகை. நெருங்கியதோடு மரத்தின் உருவமே திரிந்துபோவது மற்றொரு வகை. செல்லின் நடுக்கரு பெருத்து, உருண்டு, நிறம் மாறி, வரிசை கலைந்து நிற்கும். இந்த உருத்திரிபைத்தான் "அட்டிபியா" என்கிறார்கள். அறிக்கையில் "அட்டிபியா இல்லை" என்று இருக்கிறதா, "அட்டிபியா உண்டு" என்று இருக்கிறதா? நாம் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் கேள்வி இது.

ஏன் அவ்வளவு முக்கியம்? 1985-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கர்மான் என்ற நிபுணரும் அவருடைய கூட்டாளிகளும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஹைபர்பிளாசியா கண்டும் கர்ப்பப்பை எடுக்கப்படாத 170 பெண்களை அவர்கள் கவனித்தார்கள். அட்டிபியா இல்லாத 122 பேரில் புற்றுநோய் ஆனது 2 பேருக்குத்தான். அட்டிபியா இருந்த 48 பேரில் 11 பேருக்குப் புற்றுநோய் ஆகிவிட்டது. இரண்டும் ஒரே பெயரில் அழைக்கப்பட்டாலும், ஒன்று பூனை, மற்றொன்று புலிக்குட்டி. 2014-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனமும் பழைய நான்கு பிரிவுகளை விட்டுவிட்டு, அட்டிபியா இல்லாதது, அட்டிபியா உள்ளது என்ற இரண்டே பிரிவாக ஆக்கிவிட்டது.

ஆறாவது, "கார்சினோமா". இது புற்றுநோய். இங்கே மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே நிலமே இல்லை. முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. சில இடங்களில் மர வடிவமே அழிந்து வெறும் காடாகிவிடுகிறது. அப்படிக் காடான பகுதி நூற்றுக்கு 5-க்கு மேற்படாவிட்டால் முதல் தரம். 6 முதல் 50 வரை இரண்டாம் தரம். அதற்கு மேலே போனால் மூன்றாம் தரம். தரம் ஏற ஏற நோயின் வேகமும் ஏறும். எல்லை வரப்பைத் தாண்டிக் கர்ப்பப்பையின் தசைச் சுவருக்குள் அது எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, பாதிச் சுவரைத் தாண்டியதா என்பதையும் பார்ப்பார்கள்.

ஒன்று சொல்லாமல் விடக்கூடாது. எல்லாப் புற்றும் இப்படிப் படிப்படியாக மண்டி வருவதல்ல. "சீரஸ்" என்ற ஒரு வகை உண்டு. வயதான பெண்களுக்கு, மெலிந்து காய்ந்த சவ்விலேகூடத் தோன்றிவிடும். உடல் பருமனோ இனிப்பு நீரோ இல்லாதவர்களுக்கும் வரும். வேகமானது. ஆகவே, "நான் ஒல்லியாகத்தானே இருக்கிறேன், எனக்கு வராது" என்று எந்தத் தாயும் உதிரப்போக்கை அலட்சியப்படுத்தக் கூடாது.

யார் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும்?

மாதவிடாய் நின்றபின் சூலகம் ஓய்ந்துவிடுகிறது. பிறகும் ஈஸ்ட்ரோஜென் எங்கிருந்து வருகிறது? உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பே அதைத் தயாரித்துக்கொடுக்கிறது. கொழுப்பு கூடினால் உரமும் கூடும். தடுத்து நிறுத்தப் புரோஜெஸ்டெரோனோ இல்லை. ஆகவேதான் உடல் பருமன் இந்நோய்க்குப் பெரிய காரணமாக இருக்கிறது. இனிப்பு நீரும் அதோடு சேர்ந்துகொள்கிறது.

இது நம் சமூகத்துக்கு நேராக வரும் எச்சரிக்கை. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியே பார்த்தால் நூற்றுக்கு 31 பேர்! அந்தக் காலத்தில் விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு நின்று, நாளெல்லாம் நடந்தே மரம் வெட்டிய தாய்மார்கள் தட்டு நிறையச் சோறு சாப்பிட்டாலும் உடம்பு ஏற்றுக்கொண்டது. இன்று வேலை மாறிவிட்டது, நடை குறைந்துவிட்டது. சோற்றின் அளவும் தேநீரில் ஊற்றும் பால்மாவும் மாறவில்லையே!

இவர்களைத் தவிர, சிறு வயதிலிருந்தே மாதவிடாய் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வரும் பெண்கள், பிள்ளை பெறாதவர்கள், 55 வயதுக்கு மேலும் மாதவிடாய் நிற்காதவர்கள், மார்புப் புற்றுநோய்க்குத் தமோக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், குடும்பத்தில் பெருங்குடல் புற்றோ கர்ப்பப்பைப் புற்றோ பலருக்கு வந்தவர்கள் ஆகியோரும் விழிப்பாக இருக்க வேண்டும். தமோக்சிஃபென் சாப்பிடுகிறவர்கள் பயந்துபோய் மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. உதிரம் பட்டால் உடனே டாக்டரிடம் சொன்னால் போதும்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாடு கண்டால், அதாவது உதிரம் அளவுக்கு மீறிப் போனாலும், இரண்டு மாதவிடாய்க்கு நடுவே வந்தாலும், "நிற்கப் போகிற காலம், அப்படித்தான் இருக்கும்" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். காட்டிவிட்டு வந்து நிம்மதியாக இருங்கள்.

சில சந்தேகங்கள்

"போன வருடம்தான் பேப் ஸ்மியர் எடுத்தேன். நன்றாக இருக்கிறது என்றார்களே!" என்று சில சகோதரிகள் கேட்கலாம். பேப் ஸ்மியர் கர்ப்பப்பையின் வாய்ப்பகுதியைச் சோதிப்பது. இப்போது செய்யப்படும் எச்.பி.வி. பரிசோதனையும் அதற்காகவே. உள்ளே இருக்கும் சவ்வின் நோயைக் கண்டுபிடிக்க அவற்றை நம்ப முடியாது. வாசலைக் கூட்டிவிட்டால் வீடு முழுவதும் கூட்டியதாகிவிடுமா? பேப் ஸ்மியரும் வேண்டும். உதிரம் பட்டால் உட்சவ்வுச் சோதனையும் வேண்டும்.

"கத்தி பட்டால் புற்று பரவிவிடுமாமே?" இது காலம் காலமாக நம்மிடையே உலவும் பயம். துணுக்கு எடுப்பதால் நோய் முற்றுவதில்லை. எடுக்காமல் நாள் கடத்துவதால்தான் முற்றுகிறது.

"கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்களோ?" எல்லாருக்கும் அல்ல. அட்டிபியா இல்லாத ஹைபர்பிளாசியாவுக்குப் புரோஜெஸ்டெரோன் மாத்திரையோ, அந்தச் சுரப்பை மெல்ல மெல்லக் கசியவிடும் சிறு சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள் வைப்பதோ போதும். சில மாதம் கழித்து மறுபடி சோதித்துப் பார்ப்பார்கள். அட்டிபியா இருந்து, இனிப் பிள்ளை வேண்டாத வயதும் ஆகியிருந்தால், கர்ப்பப்பையை எடுத்துவிடுவதே நல்லது என்பார்கள். காரணம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், அட்டிபியா என்று சொல்லிக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு உள்ளே ஏற்கனவே புற்று ஒளிந்திருந்தது. இன்னும் பிள்ளை வேண்டும் என்கிற இளம்பெண்களுக்கு மருந்து கொடுத்து, அடிக்கடி சோதித்துக் காத்துவரும் வழியும் உண்டு.

"புற்று என்றால் முடிந்ததுதானே?" இல்லவே இல்லை. கர்ப்பப்பைக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்தால் அறுவை ஒன்றிலேயே பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் கதிர்ச் சிகிச்சையும் மருந்தும் தேவைப்படும். நம் நாட்டில் 2007 முதல் 2011 வரை இந்நோய் கண்டறியப்பட்ட பெண்களில், எல்லாக் கட்டத்தினரையும் சேர்த்துப் பார்த்தாலே, ஐந்து வருடம் கடந்து வாழ்ந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 70 பேர். ஆரம்பத்திலேயே வந்தவர்களின் கணக்கு இதைவிட மேல்.

சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரை அறியாதவர் இல்லை. தம் தங்கை புற்றுநோயால் துடித்து இறந்ததைக் கண்ணால் கண்டவர் அவர். அந்தத் துயரத்தை மனத்தில் வைத்திருந்து, பல ஆண்டுகள் போராடி, 1954-ஆம் ஆண்டில் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். தங்கையின் நோயை மூடி மறைக்க வேண்டிய வெட்கமாக அவர் நினைத்திருந்தால், அந்த ஆஸ்பத்திரி வந்திருக்குமா?

எங்கே போவது, என்ன சொல்வது?

முதலில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான் கட்டணம். அங்கிருந்து கடிதம் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். நம் வட்டாரத்தில் தஞ்சோங் காராங்கிலும் சபாக் பெர்ணமிலும் அரசாங்க ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. நிபுணர்களைப் பார்க்கச் சுங்கை பூலோவுக்கோ கிள்ளானுக்கோ அனுப்பக்கூடும். தூரம் என்று கடிதத்தை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். ஒரு நாள் சம்பளம் போனாலும் போகட்டும்.

போகும்போது அடையாளக் கார்டு, சாப்பிடும் மாத்திரைகள், இனிப்பு நீர்ப் புத்தகம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி மாதவிடாய் எந்த வருடம் நின்றது, உதிரம் எந்தத் தேதியில் பட்டது, எத்தனை நாள், எவ்வளவு என்பதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். டாக்டர் மலாய்க்காரராக இருந்து, வாய் வராமல் போனால், இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "சாயா சுடா புத்துஸ் ஹைட், தாப்பி கெலுவார் டாரா லாகி." எனக்கு மாதவிடாய் நின்றுவிட்டது, ஆனாலும் உதிரம் வருகிறது என்று பொருள். இந்த வாக்கியம் காதில் விழுந்தால் எந்த டாக்டரும் சும்மா அனுப்பமாட்டார். "வெறும் வயிற்று வலி" என்று மட்டும் சொன்னால் வயிற்று மாத்திரைதான் கிடைக்கும்!

துணுக்கு எடுத்தபின் முடிவு வரச் சில வாரங்கள் ஆகலாம். "கூப்பிடவில்லை, அதனால் ஒன்றுமில்லை" என்று இருந்துவிடாமல், குறித்த நாளில் நேரில் போய்க் கேளுங்கள். அறிக்கையின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். முடிவு நன்றாக இருந்து, உதிரம் மறுபடி பட்டால், மறுபடியும் போக வேண்டும். ஒருமுறை சோதித்தது ஆயுளுக்கும் போதும் என்பதில்லை.

வீட்டிலுள்ள ஆண்களுக்கும் ஒரு சொல். உங்கள் தாயோ மனைவியோ திடீரென்று கோவிலுக்கு வர மறுத்தால், குளியலறையில் துணியை ஒளித்துத் துவைத்தால், முகம் வெளுத்து மூச்சு வாங்கினால், கோபப்படாமல் கேளுங்கள். "என்னம்மா, உடம்புக்கு என்ன?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதிக்கு மோட்டார் சைக்கிளோ வண்டியோ எடுத்துக்கொண்டு கிளினிக் வரை கூடப் போனால் போதும்.

நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடரி கொண்டு வெட்டும் வரை விடக்கூடாது என்பார்கள் நம் பெரியவர்கள். கர்ப்பப்பை உட்சவ்வின் விஷயத்தில் கிள்ளி எறியும் காலம் நமக்குக் கிடைக்கிறது. பல நோய்கள் அந்தக் காலத்தைத் தருவதில்லை. தாய்மார்களே, இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுங்கள். படிக்கத் தெரியாத பாட்டிக்கு வாசித்துக் காட்டுங்கள். துணியில் பட்டது ஒரே ஒரு பொட்டுதான் என்றாலும், இந்த வாரமே கிளினிக்குக்குப் புறப்படுங்கள்.